இன்னொரு பட்டறை

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



பட்டறை என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது என்ன? பெஞ்ச் வைஸ், அரம், ஹாக்ஸா, தரையெல்லாம் இரும்புத் தூள். முதல் வருடம் முழுக்க ஓர் இரும்புத் தகட்டைச் சதுரமாக்கப் பாடுபட்ட நம் கைகள். ஆனால் இந்தக் கட்டுரை அந்தப் பட்டறையைப் பற்றியது அல்ல. இந்தக் கல்வியாண்டில் நம் கல்லூரி டிராயிங் ஹாலில் பத்து சனிக்கிழமைகள், மதியம் இரண்டு மணி முதல் நான்கரை வரை நடந்த எழுத்துப் பட்டறையைப் பற்றியது. எல்லாப் பிரிவுகளிலிருந்தும் சேர்த்துப் பதினான்கு பேர் கலந்துகொண்டோம். நடத்தியவர் நம் ஆங்கில விரிவுரையாளர் மேடம். ஆனால் நாங்கள் எழுதியது தமிழில்தான்.

“அங்க என்னடா சொல்லித் தர்றாங்க, கவிதையா?” என்று கேட்காத நண்பன் இல்லை. கவிதை இல்லை என்றால், “அப்போ கதையா?” என்பார்கள். கதையும் இல்லை என்றால், “அப்புறம் என்னதான்?” என்று சிரிப்பார்கள். கேண்டீனில் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் மலரில் இவ்வளவு பக்கம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

கதை மாதிரி, ஆனால் கதை அல்ல

ஆங்கிலத்தில் இதைக் கிரியேட்டிவ் நான்ஃபிக்‌ஷன் என்கிறார்கள். தமிழில் அபுனைவு என்றும் புனைவல்லாத எழுத்து என்றும் சொல்கிறார்கள். எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்: நடந்ததை மட்டும் எழுத வேண்டும், ஆனால் படிக்கிறவர் கதைக்குள் நுழைவதைப் போல அதற்குள் நுழைந்துவிட வேண்டும். காட்சி, பேச்சு, ஆட்கள், இடம், காலம் என்று கதை எழுதுகிறவர் கையில் இருக்கும் கருவிகள் எல்லாம் இங்கேயும் உண்டு. இல்லாததைச் சேர்ப்பதற்கு மட்டும் அனுமதி கிடையாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று காலை 8.15 மணிக்கு அணுகுண்டு விழுந்தது நமக்குத் தெரியும். பள்ளிப் புத்தகத்தில் படித்து, மார்க்கும் வாங்கியிருப்போம். அடுத்த வருடம் ஜான் ஹெர்சி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அங்கே போனார். உயிர் தப்பியவர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, அந்த நிமிடத்தில் அவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அதில் ஒருவர் ஒரு தகரத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தர். அடுத்த மேசைப் பெண்ணிடம் பேசுவதற்காகத் தலையைத் திருப்புகிறார். அந்த நொடியில் வெளிச்சம். பின்னால் இருந்த புத்தக அலமாரி சரிந்து அவர் கால் நசுங்குகிறது. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழ் முழுவதையும் அந்த ஒரே கட்டுரைக்காக ஒதுக்கினார்கள்.

பாடப் புத்தகம் சொல்வதும் உண்மை, ஹெர்சி சொல்வதும் உண்மை. ஆனால் கம்பெனி அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் திரும்புகிற ஒருவரை நமக்கும் தெரியும் அல்லவா? நம் அக்காவாகவும் இருக்கலாம். அங்கேதான் இந்த எழுத்து வேலை செய்கிறது.

இதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் பட்டறை 1936-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது கவிதைக்கும் கதைக்குமானது. அபுனைவையும் அப்படிப் பழக்கலாம் என்று பிட்ஸ்பர்க் நகரில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் லீ குட்கைண்ட். 1993-இல் தான் தொடங்கிய இதழுக்கு அவர் கிரியேட்டிவ் நான்ஃபிக்‌ஷன் என்றே பெயர் வைத்தார்.

நமக்குப் புதிதா?

பெயர்தான் புதிது. சரக்கு பழையது. உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையை ‘என் சரித்திரம்’ என்ற தலைப்பில் ஆனந்த விகடனில் 1940 முதல் எழுதினார். 1942-இல் அவர் மறையும்வரை 122 அத்தியாயங்கள் வந்தன, 1950-இல் நூலாயிற்று. தமிழ்த் தாத்தா என்றதும் பெரிய தலைப்பாகையும் ஓலைச்சுவடியும்தான் நாம் அறிந்தது. அந்த நூலில் இருப்பதோ, படிப்பதற்காக ஆசிரியரைத் தேடி ஊர் ஊராய் அலைந்த ஓர் ஏழைப் பையன். யார் வீட்டில் சாப்பிட்டார், எந்த ஊரில் யாரிடம் எந்த நூலைப் பாடம் கேட்டார் என்பது வரைக்கும் வருகிறது. காவிரியை ஒட்டியே பயணம் செய்து சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971-இல் வந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. தலித் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருவர், தன் ஊரையும் தன் அனுபவத்தையும் தன் ஊர்ப் பேச்சு வழக்கிலேயே எழுதினார். ‘இப்படிப் பேசுகிற மாதிரி எழுதினால் யார் படிப்பார்கள்?’ என்ற கேள்விக்கு அந்த நூலே பதில்.

நம் பிழைப்புக்கு இன்னும் பக்கத்தில் ஒருவரைச் சொல்கிறேன். கண்மணி குணசேகரன் ஐ.டி.ஐ. படித்து, அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தபடியே எழுதியவர். பணிமனைத் தொழிலாளர்களை வைத்து ‘நெடுஞ்சாலை’ எழுதினார். அது நாவல், நம் தலைப்புக்குள் வராது. ஆனாலும் ஸ்பானர் பிடித்த கை பேனா பிடிக்காது என்று யாராவது சொன்னால், அவர் பெயரைச் சொல்லுங்கள்!

நாமக்கல் மாடி

பட்டறை என்ற முறைக்கும் நம் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. முதல் சனிக்கிழமையே மேடம் அதைப் பற்றித்தான் பேசினார்.

எழுத்தாளர் பெருமாள்முருகன் நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த காலத்தில், மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்து ‘கூடு ஆய்வுச் சந்திப்பு’ என்ற கூட்டத்தை நடத்திவந்தார். இடம், அவர் வீட்டு மொட்டை மாடி. எழுதி வந்ததை வாசிப்பார்கள், விவாதிப்பார்கள். அங்கே எடுத்துக்கொண்ட தலைப்புகளில் ஒன்று சாதி. சாதியைப் பற்றிப் பொதுவாகக் கருத்துச் சொல்லக் கூடாது. தன் வாழ்க்கையில் சாதியை எங்கே, எப்படிச் சந்தித்தேன் என்று அவரவர் எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்ட 32 கட்டுரைகளைத் தொகுத்து 2013-இல் ‘சாதியும் நானும்’ என்ற நூலாகக் காலச்சுவடு வெளியிட்டது. பிறகு சி.எஸ். லட்சுமி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எழுத்தாளர் அம்பை என்றால் எல்லாருக்கும் தெரியும், அவரேதான்.

இதில் கவனிக்க வேண்டியது, எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் அல்லர். நம்மைப் போலப் படிக்க வந்தவர்கள். “சாதி ஒழிய வேண்டும்” என்று பேச்சுப் போட்டியில் நாம் எல்லாருமே முழங்கியிருக்கிறோம், கோப்பையும் வாங்கியிருக்கிறோம். ஆனால் எந்த வீட்டில், எந்த டம்ளரில், யார் கையால் என்று எழுதும்போது அதை மறுக்க முடியாது. கைதட்டிவிட்டுப் போகவும் முடியாது.

பெருமாள்முருகனிடமிருந்தே இன்னொரு பாடமும் கிடைக்கிறது. திருச்செங்கோட்டில் ஒரு சினிமா தியேட்டரில் அவர் அப்பா சோடாக் கடை வைத்திருந்தார். அந்தத் தியேட்டர் வாழ்க்கையை வைத்து ‘நிழல் முற்றம்’ என்ற நாவலை 1993-இல் எழுதினார். பல வருடம் கழித்து அதே உலகத்தை ‘நிழல்முற்றத்து நினைவுகள்’ என்று கட்டுரைகளாகவும் எழுதினார். ஒரே தியேட்டர், இரண்டு நூல்கள். நாவலில் ஓர் ஆளைப் படைக்கலாம், இருவரை ஒருவராக்கலாம், முடிவை மாற்றலாம். கட்டுரையில் அது கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அபுனைவு என்றால் என்ன என்பது யாரும் விளக்காமலே புரியும்.

எங்கள் பட்டறை நடந்த விதம்

முதல் பயிற்சி மணவாள நகர் பேருந்து நிறுத்தத்தில். அரை மணி நேரம் நிற்க வேண்டும். பார்த்தது, கேட்டது, மோந்தது இவை மட்டும் எழுத வேண்டும். ‘பாவம்’, ‘அழகான’, ‘சோகமான’ போன்ற சொற்களுக்குத் தடை. தினமும் நாம் இறங்கி ஏறுகிற இடம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று போனோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆண்களும் பெண்களும் ஏறுகிறார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து இறங்குகிற ஒருவர் சேஃப்டி ஷூவைக் கழற்றிக் கயிற்றால் பையில் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு டீக்கடைக்கு நடக்கிறார். இதை எங்களில் ஒருவன்தான் பார்த்திருந்தான். ‘தொழிலாளர்கள் சோர்வாக இருந்தார்கள்’ என்று நாங்கள் எழுத நினைத்த ஒரு பக்கத்தை அந்த ஒரு ஷூ தூக்கிச் சாப்பிட்டுவிட்டது!

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் இரண்டு பேருடைய கட்டுரை. புதன்கிழமைக்குள் ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை எல்லாரும் படித்துவிட்டு வருவோம். விதிகள் நான்கு:

ஒன்று, எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை குறிப்பு மட்டும் எடுக்கலாம். ‘நான் என்ன சொல்ல வந்தேன்னா...’ என்று ஆரம்பிக்க முடியாது. புத்தகமாகப் போனால் வாசகர் வீட்டுக்கு வந்து நாம் விளக்கம் கொடுக்கப் போவதில்லையே!

இரண்டு, முதலில் எது கண்முன் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கு’ செல்லாது. எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

மூன்று, அடுத்தது கேள்விகள். எத்தனை மணிக்கு? யார் சொன்னது? உனக்கு எப்படித் தெரியும்? கேள்வி மட்டும்தான், அறிவுரை கிடையாது.

நான்கு, எழுதியவர் அந்தக் கேள்விகளை வீட்டுக்கு எடுத்துப் போய், பதில் தேடி, மறுபடி எழுதி வர வேண்டும்.

இது எப்படிப் பலன் தருகிறது என்பதற்கு ஒரு கட்டுரையைச் சொல்கிறேன். எழுதியவர் அனுமதி தந்திருக்கிறார். கடம்பத்தூர் பக்கத்திலிருந்து வரும் எலக்ட்ரிக்கல் பிரிவு மாணவி அவர். அம்மா கீரை விற்பவர். விடியற்காலை மின்ரயிலில் கூடையோடு சென்னைக்குப் போகிறவர். ‘அம்மா மிகவும் கஷ்டப்பட்டு என்னைப் படிக்க வைக்கிறார்’ என்று ஒரு வரி இருந்தது. நம் எல்லார் கட்டுரையிலும் இருக்கக்கூடிய வரிதான். ஒருவன் கேட்டான்: “அந்தக் கூடை எவ்வளவு வெயிட் இருக்கும்?” அவருக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் விடியற்காலையில் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரரைக் கெஞ்சித் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். 26 கிலோ. கூடையைத் தலைக்கு ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். தானாகத் தூக்க முடியாது. ஸ்டேஷனில் அவருக்கு ஏற்றிவிடுகிற இன்னொரு கீரைக்கார அம்மா இருக்கிறார். அவருக்கு இவர் ஏற்றிவிடுவார். ஒருவர் வராத நாளில் மற்றவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியோடு அந்த மாணவி கட்டுரையை மறுபடி எழுதி வந்தபோது, ‘கஷ்டம்’ என்ற சொல்லே அதில் இல்லை. வாசித்து முடித்ததும் டிராயிங் ஹாலில் ஃபேன் சத்தம்தான் கேட்டது.

பாருங்கள், இது நமக்கு வராத வித்தையா? வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கப் பழகியவர்கள் நாம். ‘சுமார் இவ்வளவு இருக்கும் சார்’ என்று சொன்னால் லேபில் ரெக்கார்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதே பழக்கத்தை வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுபோவதுதான் பாதி வேலை.

டாலரன்ஸ் எவ்வளவு?

எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது. பத்து வருடத்துக்கு முன் அப்பா பேசியதை வார்த்தை மாறாமல் யாரால் நினைவு வைத்துக்கொள்ள முடியும்? அப்படியென்றால் பேச்சை எழுதவே கூடாதா?

டிராயிங்கில் 25 ± 0.05 என்று போடுகிறோம். எல்லா அளவுக்கும் ஒரே டாலரன்ஸ் கொடுப்பதில்லை. பேரிங் உட்காருகிற இடத்துக்கு இறுக்கமாகவும், வெளிப்புற ஓரத்துக்குத் தாராளமாகவும் கொடுப்போம். இங்கேயும் அப்படித்தான் என்று நாங்கள் பேசி முடிவு செய்தோம். பேச்சில் ஒரு சொல் முன்பின் ஆகலாம், சொன்னவருடைய கருத்தும் குரலும் மாறக் கூடாது. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்பது எழுதுகிறவர் விருப்பம். எதை விடுவது என்பதும் அப்படியே. ஆனால் யார் செய்தார், எங்கே, எத்தனை, என்ன ஆயிற்று ஆகியவற்றுக்கு டாலரன்ஸ் பூஜ்யம். இல்லாத ஆளைச் சேர்க்கக் கூடாது, நடக்காத காட்சியை வைக்கக் கூடாது. நினைவு சரியாக இல்லையென்றால், நினைவில்லை என்றே எழுதிவிடலாம். அதுவும் உண்மைதானே!

பெரிய ஆட்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் 1959-இல் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டதைப் பற்றி ட்ரூமன் கபோட்டி எழுதிய ‘இன் கோல்ட் பிளட்’ 1966-இல் நூலாக வந்து உலகப் புகழ் பெற்றது. அத்தனையும் உண்மை என்றார் அவர். நூலின் கடைசியில் வழக்கை விசாரித்த அதிகாரி கல்லறைத் தோட்டத்தில், இறந்துபோன பெண்ணின் தோழியைச் சந்திக்கும் காட்சி வருகிறது. அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை என்று அந்த அதிகாரியே பின்னால் சொன்னார். அழகான முடிவுக்காகச் சேர்த்த ஒரே காட்சி, மற்ற பக்கங்கள் மீதும் சந்தேகத்தை இழுத்து வந்துவிட்டது. ஒரு அளவு தவறினால் முழு ஜாபும் ரிஜெக்ட் ஆவதைப் போலத்தான்.

யாருடைய வாழ்க்கை?

இதுவரை சொன்னது எழுத்தின் நேர்மை. இன்னொரு கேள்வி இதைவிடக் கடினம். நம் கட்டுரையில் வருகிறவர்கள் நாளைக் காலையில் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அவர்கள் வாழ்க்கையை அச்சில் போட நமக்கு என்ன உரிமை?

பெயர் என்பது சும்மா இல்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல்தான், கற்பனைதான். ஆனாலும் அதில் திருச்செங்கோடு என்ற உண்மையான ஊர்ப் பெயர் இருந்தது. 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் அவர் எழுதுவதையே நிறுத்திவிடுவதாக அறிவிக்கும் அளவுக்குப் போனது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மீண்டும் எழுத வந்தார். நாவலுக்கே இந்தப் பாடு என்றால், ‘இது நடந்தது’ என்று எழுதுகிறவன் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

என் கட்டுரையை வைத்தே இதைச் சொல்வதுதான் முறை. என் அப்பாவுக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல்கணுவோடு போய்விட்டன. நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பு, ஒரு சின்ன கம்பெனியில் 40 டன் பவர் பிரஸ்ஸில் நடந்தது. கம்பெனி எழுதிய காகிதத்தில் காரணம் ஒரே வரி: தொழிலாளியின் கவனக்குறைவு. வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. அதைத்தான் எழுத எடுத்துக்கொண்டேன்.

பட்டறையில் கேள்விகள் வந்தன. எந்த ஷிஃப்ட்? என்ன ஜாப்? பிரஸ்ஸில் கார்டு இருந்ததா? டூ ஹேண்ட் பட்டன் இருந்ததா? கேட்டவர்கள் எல்லாம் நம் பிரிவு நண்பர்கள், பிரஸ் தெரிந்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த வகைப் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் ரேம் கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தான் மேல் இருந்தால் டைக்குள் கை இருக்க வாய்ப்பில்லை. அதுதான் பாதுகாப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு அப்பா முன் உட்கார்ந்தேன். முதல் முறையாகச் சொன்னார். தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட். இரண்டு கையும் பொத்தானில் வைத்தால் ஒரு ஷிஃப்டுக்கு 3,000 பீஸ் தேறும். 3,500 தாண்டினால்தான் இன்சென்டிவ். ஒரு பொத்தானை அழுத்திய நிலையில் டேப் போட்டு ஒட்டிவிட்டால், ஒரு கை பீஸை வைத்து எடுக்கும், மறு கை பொத்தானைத் தட்டும். 4,000 வரும். ஒரு பொத்தான் விடாமல் அழுந்தியே இருந்தால் அடுத்த அடி விழாதபடி சர்க்யூட் அமைக்க முடியும் என்று நாம் படிக்கிறோம். அந்தப் பழைய பிரஸ்ஸில் அது இல்லை.

“டேப்ப யாருப்பா ஒட்டினது?” என்று கேட்டேன்.

“நான்தான். எல்லாரும் ஒட்டுவோம். சூப்பர்வைசர் பாத்துகினுதான் போவாரு.”

இப்போது சொல்லுங்கள் நண்பர்களே, இந்த வரியை எழுதலாமா? எழுதினால் ‘கவனக்குறைவு’ என்ற அந்தக் காகிதத்துக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகாதா? பட்டறையில் இதற்கு முக்கால் மணி நேரம் வாக்குவாதம். “விட்டுடுடா, விடறதுக்கு உரிமை இருக்குல்ல” என்றனர் சிலர். “அந்த வரிய எடுத்துட்டா மிச்சம் இருக்கறது மனு, கட்டுரை இல்ல” என்றார் கீரைக் கட்டுரை எழுதிய மாணவி. மேடம் முடிவு சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்கப்பாகிட்ட கேட்டியா?”

கட்டுரை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் நான் படிக்க அவர் கேட்டார். பொத்தான் வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “இருக்கட்டும். நான்தான் ஒட்டினேன்னு எழுது. இன்னாத்துக்கு ஒட்டினேன்னும் எழுது. கம்பெனி பேரு மட்டும் வாணாம், நம்ம ஊருப் பசங்க நாலு பேரு இன்னும் அங்கதான் வேல செய்றானுங்க.” அம்மா ஒன்று கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வந்த வழியை எழுத வேண்டாம் என்றார். அது கட்டுரையில் இல்லை. இங்கேயும் இல்லை.

எங்களுக்கு வழிகாட்டியாகக் கடைசியில் எழுதி ஒட்டிய விதிகள் இப்படி வந்தவைதான். வீட்டு ஆட்களைப் பற்றி எழுதினால் அச்சுக்கு முன் அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். யாருக்காவது வேலை போகும், அடி விழும் என்றால் பெயரை விட்டுவிட வேண்டும். பெயரை விடலாம், நடந்ததை மாற்றக் கூடாது. இன்னொருவரைக் குறை சொல்லும் வரி இருந்தால், நம் பக்கத்து உண்மையும் அதே கட்டுரையில் இருக்க வேண்டும்.

நாம் ஏன் எழுத வேண்டும்?

வேலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன். உதவும். நாளை நாம் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆவோம், சூப்பர்வைசர் ஆவோம். விபத்து அறிக்கை நம் கையால் எழுதப்படும். ‘கவனக்குறைவு’ என்று ஒரே வரியில் முடிக்கிற கையாக அது இருக்குமா, எந்த ஷிஃப்ட், எத்தனை மணி நேரம், பொத்தான் ஏன் ஒட்டப்பட்டிருந்தது என்று கேட்டு எழுதுகிற கையாக இருக்குமா? அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த பிரஸ்ஸுக்குப் புது சர்க்யூட் வருமா வராதா என்பது முடிவாகும். பட்டறையில் நான் கற்றதில் பெரியது இதுதான்: சரியாகக் கேட்டு எழுதினால் ஒரு விரல் மிஞ்சலாம்.

வேலையைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் இந்தச் சுற்று வட்டாரத்துத் தொழிற்பேட்டைகளிலும் எத்தனை ஆயிரம் பேர் உழைக்கிறார்கள்! அவர்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள், சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். புத்தகத்தில் தேடினால் அதிகம் கிடைக்க மாட்டார்கள். அவர்களில் பலருடைய வீட்டில் முதலில் எழுதப் படிக்க வந்தவர்கள் நாம்தான். இப்போது செல்பேசியிடம் கேட்டால் எந்தத் தலைப்புக்கும் கட்டுரை கொடுத்துவிடும் என்கிறீர்களா? கொடுக்கும். ஆனால் கீரைக் கூடையைத் தராசில் வைத்துப் பார்க்க, வீட்டில் இருக்கிற ஆள்தான் வேண்டும்.

அடுத்த ஆண்டும் பட்டறை நடக்கும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: நான் எழுத்தாளன் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இன்று ராத்திரி வீட்டில் யாரிடமாவது ஒரு கேள்வி கேளுங்கள். ‘உங்க முதல் நாள் வேலை எப்படி இருந்தது?’ என்றே ஆரம்பிக்கலாம். பதில் வந்ததும், ‘அப்போ மணி என்ன இருக்கும்?’ என்று அடுத்ததைக் கேளுங்கள். மற்றதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். நீங்கள் அளவு தவறாமல் எழுதினால் போதும்.